பழசாக்கித் தந்த டயர்

காணிப்பாக்கம் கூட்ரோட்டைத் தாண்டி அரைமணி நேரம் ஓட்டியிருப்பேன். சந்திரகிரி மலை கண்ணில் பட ஆரம்பித்த இடம். நான் பேசிக்கொண்டே போய்க்கொண்டிருந்தேன். என்ன பேசினாய் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசுகிற பேச்சில் பாதி காற்றோடு போகும், பாதி பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்குப் போகும். தன் பங்குக்கு வந்த பாதிக்கு என் மனைவி "ம்" கொட்டிக்கொண்டே வந்தாள். திடீரென்று அந்த "ம்" நின்றது. தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"கொஞ்சம் வாய மூடு. வண்டி இன்னாமோ சொல்லுது" என்றாள்.

வண்டி சொன்னது எனக்கும் அப்போதுதான் கேட்டது. பின்சக்கரம் தடதடவென்று ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், டயர் சப்பையாகத் தரையோடு படுத்திருந்தது.

"காத்து போச்சு" என்றேன்.

"காத்து மட்டும்தான போச்சு?" என்றாள். கேட்ட குரலில் பயம் இருந்தது. நடுரோட்டில் நிற்கிறோமே என்கிற பயம் இல்லை. அந்தப் பயம் என்னவென்று சொல்ல எட்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

சித்தூர் மாம்பழ மண்டியில் ஏலம் கூவுவது என் வேலை. வீடு குடிபாலா பக்கத்தில், வேலூர் போகிற சாலையை ஒட்டின ஒரு சின்ன ஊர். மற்ற மாதங்களில் இருக்கிற ஒரு துண்டு நிலத்தில் வேர்க்கடலை போடுவோம், இல்லையென்றால் கூலிக்குப் போவோம். மாம்பழம் வந்துவிட்டால் எனக்குத் தொண்டைதான் ஏர், தொண்டைதான் மாடு. தெலுங்கில் "ஒகட்டோ சாரி, ரெண்டோ சாரி" என்று ஒருதரம் ரெண்டுதரம் கூவி, நடுவே தமிழில் நாலு கிண்டல் செய்து, வாங்க வந்தவரைச் சிரிக்க வைத்துக்கொண்டே விலையை ஏற்றிவிடுவேன்.

போன சீசன் நடுவில் குரல் கரகரத்தது. பிறகு வெறும் காற்று வந்தது. ஒருநாள் காலையில் வாயைத் திறந்தால் காற்றுகூடச் சரியாக வரவில்லை. குரல் வருகிற இடத்தில் ஒரு கட்டி என்றார்கள். பயப்பட வேண்டிய கட்டி இல்லை, எடுத்துவிடலாம், ஆனால் பழைய குரல் திரும்புமா என்பதை எடுத்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

எல்லாம் சேர்த்து மூன்று மாதம் நான் பேசவில்லை. எங்கள் தெரு இதைத் தாங்கிக்கொண்டது என்று சொல்வதைவிடக் கொண்டாடியது என்று சொல்வதே நியாயம். பக்கத்து வீட்டுக்காரர் என் முகத்துக்கு நேராகவே, பத்து வருஷம் கழித்து மத்தியானத் தூக்கம் தூங்கினேன் என்றார். மண்டிக்காரர் பார்க்க வந்து, ஆபரேஷனுக்கு ஒன்றும் அவசரமில்லை, மெதுவாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். பதில் சொல்ல வாயில்லாமல் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுவேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்தெல்லாம் பஸ் போர்டிலும் சுவர் விளம்பரத்திலும் கூட்டிக் கூட்டிப் பிடித்தது. நான் எழுதி முடிப்பதற்குள் கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

என் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, மலைமேல் இருக்கிறவரிடம் தானாக ஒரு பேச்சுப் பேசி முடித்துவிட்டாள். என் குரல் வந்தால் அவள் தலைமுடி அவருக்கு. முடி இறக்குகிற வரைக்கும் புதுச்சாமான் எதையும் எடுப்பதில்லை. இடுப்பைத் தாண்டித் தொங்குகிற முடி அது. எங்கள் ஊருக்குக் கூடையில் பூ கொண்டுவரும் அம்மாள் அவளைப் பார்த்தால் எத்தனை முழம் என்று கேட்கவே மாட்டார், ரெண்டு முழத்தை அறுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.

குரல் வந்தது. ஒரு நாள் மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்து முதல் வாய் வைத்ததும், என்னை அறியாமலே வெளியே வந்த வார்த்தை: "கொழம்புல உப்பு இல்ல." அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். அப்போது வீட்டுக்கு வந்திருந்த என் தங்கை அவளைத் தேற்றவில்லை. "இதுக்கா அண்ணி அந்த முடியக் குடுக்கப் போற?" என்றாள்.

உடனே மலைக்குப் போயிருந்தால் பிரச்சினை இல்லை. கூட்டத்திலும் புழுதியிலும் போகாதே என்று டாக்டர் கொஞ்ச நாள் தடுத்தார். அது முடிகிற நேரத்தில் பங்காளி வீட்டில் ஒரு சாவு, கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. அப்புறம் மழை. அப்புறம் கடலை. எட்டு மாதம் எங்கள் வீட்டுக்குள் புதுசு என்று ஒன்றும் வரவில்லை.

வயிற்றுக்குப் போகிறது கணக்கில் வராது. மற்றதெல்லாம் வரும். துடைப்பம் வரும், செருப்பு வரும், துணி காயப்போடுகிற கிளிப்புகூட வரும். ஆனால் மனிதர் வாழ வேண்டுமே. என் மனைவியின் தாய்வீடு நகரி பக்கம். அங்கே இதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வேண்டிய சாமானை வேறு வீட்டுக்காரர் யாராவது வாங்கி, தம் வீட்டில் தம்முடையதாக ஒரு தடவையாவது உபயோகித்து, பிறகு நம்மிடம் தர வேண்டும். அதற்குப் பழசாக்குவது என்று பெயர். பழசாக்கின சாமான் நோன்பைக் கெடுக்காது.

எங்கள் தெரு இதையும் ஆசையோடு ஏற்றுக்கொண்டது. பக்கத்து வீட்டம்மா எங்களுக்கான துடைப்பத்தால் தன் வாசலைப் பெருக்கிவிட்டுத் தந்தார். என் தங்கை பொங்கல் புடவையைப் பழசாக்கித் தருகிறேன் என்று எடுத்துப்போய், மூன்று கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டு, பிரியாணிக் கறையோடு கொண்டுவந்தாள். "நல்லாவே பழசாக்கியிருக்கேன் அண்ணி" என்றாள். என் மச்சான் எனக்காக வாங்கின செருப்பை ஒரு வாரம் போட்டு நடந்து பார்த்தார். பழசாகிவிட்டதா என்று கேட்டால், இன்னும் இல்லை மாமா, இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்றார். அந்தச் செருப்பை நான் மறுபடி பார்க்கவில்லை. பல் தேய்க்கிற பிரஷ்ஷைப் பழசாக்க மட்டும் தெருவில் ஒருவரும் முன்வரவில்லை. எட்டு மாதமும் வேப்பங்குச்சிதான்.

டயரையும் டியூபையும் யாரும் பழசாக்கவில்லை. தேய்ந்திருப்பது எனக்குத் தெரியும். போய்விட்டு வந்து மாற்றிக்கொள்ளலாம், ஒரு தடவை தாங்கும் என்று அவளும் சொன்னாள், நானும் தலையாட்டினேன். பங்குனி பிறந்துவிட்டது, அடுத்த மாம்பழத்துக்கு முன்னால் வேண்டுதலை முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் எங்கள் ரெண்டு பேருக்கும்.

இப்போது புரிந்திருக்கும். வண்டியின் காற்று போனதும் அவள் எதற்குப் பயந்தாள் என்றால், எட்டு மாதம் காத்த வார்த்தை, மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வந்து ஒரு டயருக்காகக் கெட்டுவிடுமோ என்றுதான்.

ஒரு கிலோமீட்டர் போலத் தள்ளினோம். நான் தள்ள, அவள் ரெண்டு ஹெல்மெட்டையும் கூடை மாதிரி ரெண்டு கையில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். திருப்பதி பஸ் ஒன்று எங்கள்மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. ஒரு புங்கமரக் கிளையில் வெள்ளையடித்த பழைய டயர் தொங்கிற்று. அதுதான் பஞ்சர் கடைக்குப் போர்டு. நாலு தகரம், ஒரு கம்ப்ரசர், ஒரு தண்ணீர்த் தொட்டி, வெளியே ஒரு மரப்பெஞ்சு.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். தெலுங்குக்காரர். ஆனால் ரொம்ப நாள் ஆம்பூரில் லாரி டயர்க் கடையில் இருந்தவராம், தமிழ் நன்றாக வந்தது. என்னை அண்ணா என்றார், அவளை வதினா என்றார். தெலுங்கில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பேச்சு எங்கே வேண்டுமானாலும் தெலுங்குக்குத் தாவி மறுபடி தமிழுக்கு வரும். எனக்கும் அப்படித்தான், அதனால் ரெண்டு பேருக்கும் தோது.

சக்கரத்தைக் கழற்றி, லீவரை விட்டு நெம்பி, டியூபை உருவி எடுத்தார். எடுத்துக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, இதுல ஒட்டு எது, டியூபு எது, நீயே காட்டு" என்றார்.

அவர் எண்ணியதில் பதினோரு ஒட்டு. பன்னிரண்டாவது கிழிசல் வால்வின் அடியிலேயே இருந்தது. அந்த இடத்தில் ஒட்டு நிற்காது என்றார். டியூபைக் கீழே வைத்துவிட்டு டயரைச் சுற்றிப் பார்த்தார். பட்டையெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது, ஒரு இடத்தில் உள்ளே இருக்கிற நூல் வெளியே தெரிந்தது. அந்த வழவழப்பைக் கையால் தடவிக்கொண்டே எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். திருமலைக்கு, அவள் மொட்டை அடித்துக்கொள்ள என்றேன்.

"வதினாவுக்கு முன்னாடியே இது அடிச்சிக்கினு வந்துட்டுதே" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு முடிந்ததும், "அத ஒட்டித் தா தம்பி, போதும்" என்றாள்.

முடியாது என்றார். ரெண்டும் மாற்ற வேண்டும் என்றார். இதே அளவில் ஒரு டயர், ஒரு டியூபு கடையில் இருக்கிறது, அரைமணி வேலை. அவள் முடியாது என்றாள். எப்படியாவது ஒட்டு, எங்கள் ஊரில் ஒட்டுகிறார்களே என்றாள். அவர் டியூபைத் தூக்கி வால்வைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். பிறகு கோபமில்லாமல்தான் சொன்னார்: "நான் ஒட்டித் தந்துடுவேன். நீங்க மலையில அந்த வளைவுல போறப்ப இது பிரிஞ்சா, சாமி உங்கள ஒண்ணும் கேக்கமாட்டாரு. என்னத்தான் கேப்பாரு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஏலத்தில் விலை சொல்லாமல் நிற்கிற ஆளை நான் எத்தனை கிண்டல் செய்திருப்பேன். அன்றைக்கு நானே அப்படி நின்றேன். மாற்று என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? அவள் கட்டியிருப்பது என் தொண்டைக்காக. அதைக் கெடுத்துக்கொள் என்று அதே தொண்டையால் சொல்லவா? ஒட்டு என்று சொல்லலாமென்றால், மலைப்பாதையின் வளைவில் அவள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. பேசத் தெரிந்த எனக்கு அன்று குரல் போன அந்த மூன்று மாதத்து நிலைமை.

"நான் நடக்கறேன்" என்றாள் அவள். பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொன்னாள், எழுந்திருக்கவில்லை.

கடைக்காரருக்கு இது டயர் தகராறு இல்லை என்று அப்போது பட்டிருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என்ன விஷயம் வதினா என்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் துணி, துடைப்பம், பிரியாணிக் கறை, மச்சான் கொண்டுபோன செருப்பு. உப்பில்லாத குழம்பைச் சொல்லும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கேட்டு முடித்துத் தாடையைச் சொறிந்தார். "இதுக்கா இத்தினி நேரம்? நான் பழசாக்கித் தரேன்" என்றார்.

அவர் வண்டி சின்னச் சக்கர மொபெட், அதில் எங்கள் டயர் சேராது. அதனால் அவர் சொன்ன வழி இது. புது டயரையும் டியூபையும் எங்கள் சக்கரத்தில் மாட்டுவார். ஆனால் அது இன்னும் அவருடைய டயர், நாங்கள் வாங்கவில்லை. வண்டியை அவர் எடுத்துக்கொண்டு தன் ஊருக்குச் சாப்பிடப் போவார். திரும்பி வந்ததும், தான் ஓட்டின பழைய டயரை எங்களுக்குத் தருவார். "பழசுன்னு வெலய கொறைக்கமாட்டேன், அத இப்பவே சொல்லிட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் உடனே ஒத்துக்கொண்டுவிடவில்லை. மண்டியில்கூட இப்படி ஒரு குறுக்கு விசாரணையை நான் பார்த்ததில்லை. எத்தனை தூரம் ஓட்டுவாய்? ஊர் இந்தப் பெரிய ரோட்டை விட்டு உள்ளே ரெண்டு கிலோமீட்டர். சும்மா போய்த் திரும்பி வந்துவிடுவாயா? இல்லை, சாப்பிடுவேன். வண்டி எங்கே நிற்கும்? வீட்டு முன்னால். முன்னால் நின்றால் போதாது என்று தீர்ப்புச் சொன்னாள். "உன் வாசலுக்குள்ள போய், உன் ஊட்டு வண்டியா நின்னுட்டு வரணும். இல்லன்னா அது பழசாகாது."

சரி என்றார். மாட்டினார், காற்றடித்தார். கறுப்பாக, ரப்பர் மயிர் சிலிர்த்துக்கொண்டு, டயர் அவ்வளவு அழகாக இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், பந்தியில் பரிமாறுவதற்கு முன்னால் இலையைப் பார்க்காமல் இருக்கிற மாதிரி. அவர் கிளம்பிப் போனார். போகும்போது, யாராவது வந்தால் காற்று மட்டும் அடித்து அனுப்பு அண்ணா என்றார்.

போய் அரைமணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. ரெண்டு பஸ் போனது, அப்புறம் இன்னும் ரெண்டு, அதற்குமேல் நான் எண்ணவில்லை. ஒரு பால்காரர் கேன் கட்டின வண்டியோடு வந்து காற்று கேட்டார். நான் அடித்துக்கொண்டே கதையைச் சொன்னேன். நிறையவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, போதும் போதும், டயர் வெடிக்கப் போகிறது என்று அவர்தான் குழாயைப் பிடுங்கினார். ஆனால் கதை பிடித்துவிட்டது அவருக்கு. ஆக, முன்பின் தெரியாத ஒருவரிடம் உன் வண்டியைக் கொடுத்து, அதை அவருடையது என்று நினைத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறாய் என்று தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். ஆமாம் என்றேன். அவரும் அப்படியே நினைத்துக்கொண்டு போயிருப்பார் என்றார். காற்றுக்கான காசை என் கையில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதுவரை இல்லாத யோசனை எனக்கு வந்தது. வண்டி போனது, ஆர்.சி. புத்தகம் சீட்டுக்கு அடியில், மாற்றுத்துணிப் பையும் வண்டியில். எழுந்து ரோட்டுக்குப் போய்ப் பார்ப்பேன், வந்து உட்காருவேன். ஏதாவது சொல் என்று அவளைக் கேட்டேன்.

"அவரு கடய நம்மகிட்ட உட்டுட்டுப் போய்க்கீறாரு. அவரு பயந்தாரா? ஒக்காரு" என்றாள். பின்னலைப் பிரித்து முன்னால் போட்டு, சீப்பு இல்லாமல் விரலாலேயே கோதிக்கொண்டு, கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் முதலாளியம்மா மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் ரோட்டிலேயே இருந்தது. அவளும் எதையோ கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து, ஊர் ரோட்டு வளைவில் என் வண்டி தெரிந்தது. ஓடி வரவில்லை. கடைக்காரர் வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு அம்மாள் கையில் தூக்குச்சட்டியோடு, முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்து வந்தார். அவர் மனைவி.

பின்சக்கரம் சப்பை.

என்ன நடந்தது என்று கேட்க அவசியமே இருக்கவில்லை. அந்த அம்மாள் வந்து சேர்வதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வாசலுக்குள் போய் நிற்க வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். இவர் வண்டியை வாசலுக்குள் விட ஆட்டுப்பட்டிப் பக்கமாகச் சுற்றினாராம். பட்டியை அடைக்க இவரே நேற்று சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தாராம். நேராக அதன்மேல். புஸ் என்று சத்தம் வந்ததும் ஆடெல்லாம் திரும்பிப் பார்த்ததாம். வீட்டில் பம்பு இல்லை, ஒட்டும் சாமான் இல்லை, எல்லாம் கடையில். "ஊரு டயரெல்லாம் ஒட்டறாரு அக்கா. ஊட்டுக்கு வந்தா சொந்த முள்ளு மேல ஏறறாரு" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்குத்தமிழில் சொன்னார்.

கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வதினா, வேறு டயர் தந்துவிடுகிறேன், இது என் தப்பு, இன்னொரு டயர் சரக்குக் கட்டுக்குள் இருக்குமா பார்க்கிறேன் என்று என்னென்னவோ சொன்னார். மனிதருக்கு நிஜமாகவே வருத்தம்.

என் மனைவி பெஞ்சிலிருந்து எழுந்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள். டயரில் சாணி அப்பியிருந்தது, ஆட்டுப்புழுக்கை ஒட்டியிருந்தது, சிலிர்த்த ரப்பர் மயிரெல்லாம் மண்ணில் படிந்துபோயிருந்தது. குனிந்து, காலையிலிருந்து தொடாத அந்த டயரை உள்ளங்கையால் தொட்டாள்.

"இதத்தான் ஒட்டு தம்பி" என்றாள். "பஞ்சர் ஆயி ஒட்டுப் போட்ட டயர யாரு புதுசுன்னு சொல்லுவாங்க?"

கடைக்காரர் நிமிர்ந்தார். அவர் முகம் மாறினதை நான் இன்னும் மறக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் ஊற்றி, டியூபை முக்கி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஊதி, ஒரு ஒட்டை எடுத்து வைத்து அழுத்தினார். கோயிலில் பூசாரி பொட்டு வைப்பது மாதிரி அத்தனை கவனமாக வைத்தார். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். முள்ளை டயரிலிருந்து பிடுங்கி, இதுவும் உன் சாமான் அண்ணா, வேணுமா என்று என்னிடம் நீட்டினார்.

தூக்குச்சட்டியில் ராகிக் களியும் கீரைக் கடைசலும். நாலு பேரும் பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு சரியாக இருந்ததா என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார். எப்போது அதைச் சொன்னாள் இவள் என்று தெரியவில்லை. ரொம்பச் சரியாக இருக்கிறது தாயே என்றேன். என் மனைவிக்குப் புரையேறிவிட்டது.

மலைப்பாதையின் ஒரு வளைவிலும் வண்டி நழுவவில்லை. மேலே கல்யாணக்கட்டாவில் முடி எடுக்கிற அம்மாள் முன்னால் இவள் உட்கார்ந்தாள். நான் கொஞ்சம் தள்ளி என் முறைக்கு உட்கார்ந்தேன். அவளுக்குத் தெரியாமல் நானும் ஒன்று வேண்டிக்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் முடி எடுக்கிற அம்மாளும் இவளும் விடாமல் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. முடி மடியில் விழுந்தபோதும் இவள் பேச்சை நிறுத்தவில்லை. எழுந்து வரும்போது பார்த்தேன். கழுத்து இவ்வளவு நீளம் என்று இருபத்தாறு வருஷத்தில் எனக்குத் தெரியாது. என் மொட்டையைப் பார்த்து, நீ மட்டும் இன்னா, தேங்கா மாதிரி கீற என்றாள்.

சாயங்காலம் தரிசனம் முடிந்து, மஞ்சள் துணியை உண்டியலில் போட்டுவிட்டு வெளியே வந்ததும், எட்டு மாதத்துப் பூட்டு திறந்துவிட்டது. கடைத்தெருவில் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். வீட்டிலிருந்தே அவள் மனசில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள்: எவர்சில்வர் டப்பா, புதுச்சீப்பு, எனக்கு ஒரு பிரஷ். சீப்பு இனி இப்போதைக்கு வேண்டாம் என்று அவளே சிரித்தாள். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, கடைசியில் மொட்டைத்தலைக்காரர்களுக்காகவே விற்கிற துணித் தொப்பியில் ரெண்டு வாங்கினாள். புதுசு, யாரும் தலையில் வைக்காதது. தொப்பிக் கடைக்காரர் எப்படி இருக்கும் என்று காட்ட ஒன்றை எடுத்துத் தம் தலையில் வைக்கப் போனபோது, வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தாள்.

மறுநாள் காலையில் இறங்கி வரும்போது பஞ்சர் கடையில் நிறுத்தி லட்டு கொடுத்தோம். அந்த அம்மாளுக்கு வளையல். கடைக்காரர் முதலில் டயரைத்தான் பார்த்தார், காற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, இப்போது டயருக்கு முடி இருக்கிறது, வதினாவுக்குத்தான் இல்லை என்றார். சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்தே வைத்திருந்தாராம்.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். பின்னால் அவள் தனக்குள்ளேயே சிரிப்பது முதுகில் தெரிந்தது. என்ன என்றேன். முடி எடுக்கிற அம்மாளிடம் டயர் கதையைச் சொன்னாளாம். அந்த அம்மாள் கத்தியை அப்படியே நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாராம். வண்டியைக் கடையில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்து, முடியைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போய்ப் புது டயரே வாங்கியிருக்கலாமே, அப்போது நோன்புதான் முடிந்திருக்குமே என்று.

வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். கடைக்காரருக்குத் தோன்றவில்லை. பால்காரருக்குத் தோன்றவில்லை. ஊரையே பேச்சில் சுற்றி அடிக்கிற எனக்குத் தோன்றவில்லை. பஸ் எங்கள் மூக்குக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

"உனக்காவது தோணுச்சா?" என்றேன்.

"பதினாலு பஸ்சு போச்சு. எண்ணிக்கினுதான் ஒக்காந்திருந்தேன்" என்றாள்.

"அப்போ ஏன் சொல்லல?"

ஹெல்மெட்டையும் தொப்பியையும் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டாள். "பஸ்சுல ஏறுனா நீ கண்டக்டராண்ட பேசுவ, டிரைவராண்ட பேசுவ, பக்கத்து சீட்டாண்ட பேசுவ. வண்டியிலதான் எங்கிட்ட மட்டும் பேசிக்கினு வருவ" என்றாள். பிறகு தொப்பியைப் போட்டு, அதற்கு மேலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, என் தோளைத் தட்டினாள்.

"வண்டிய எடு. நேத்து பாதியில நிறுத்துனியே, இன்னா சொல்லிக்கினு இருந்த?"